கைப்பணிப் பக்கம்: மெல்லிய சால்வையும் அதன் மணித்தியாலங்களும்



இம்மாதம் குறோசே ஊசியால் மெல்லிய சால்வை ஒன்று பின்னப் பழகுவோம். சால்வை என்றதும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஆண்கள் வேட்டியோடு போடுகின்ற சால்வைதான் பலருக்கும் ஞாபகத்துக்கு வரும். இங்கே நான் சொல்வது பெண்கள் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளக்கூடிய, வலை போன்ற, பாரமில்லாத முக்கோணச் சால்வை.

‘எங்கட வெயிலுக்கு இது என்னத்துக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். மார்கழி, தை மாதங்களில் வன்னியில் விடியற்காலைப் பனிக்குள் பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரியும். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அலுவலாகப் போய் வருகிறவர்களுக்கும், பிள்ளைப்பேற்று விடுதியில் காவல் இருக்கிறவர்களுக்கும் தெரியும். மாதா கோயிலுக்கு முக்காடாகவும், பஞ்சாபிக்கு ஷோலாகவும் இதைப் பாவிக்கலாம். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஆண்டு முழுவதும் தேவைப்படும்.

இந்த வேலையை நான் தெரிந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இதற்கு மெசின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தனி அறை வேண்டாம். ஒரு கைப்பைக்குள் அடங்கும். அடுப்பில் சோறு பொங்கினால் வரிசையின் நடுவிலேயே வைத்துவிட்டு எழும்பலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். மற்றக் காரணம், இதற்குப் போகின்ற நேரத்தை ஒவ்வொரு நிமிடமாக எண்ண முடியும். எங்கள் பெண்கள் பின்னுகின்ற, தைக்கின்ற, இடிக்கின்ற எல்லாவற்றிலும் எண்ணப்படாமல் போவது அந்த நேரம்தான். ஆகவே இம்மாதம் பின்னலையும் படிப்போம், அதன் கணக்கையும் படிப்போம்.

தேவையானவை

4 மில்லிமீற்றர் குறோசே ஊசி ஒன்று. நுனியில் கொளுக்கி இருக்கும். அளவு ஊசியின் நடுவில் பொறிக்கப்பட்டிருக்கும்.

மென்மையான பருத்தி நூல் 200 கிராம், அதாவது 50 கிராம் பந்துகள் நான்கு. ஒரு பந்தில் ஏறத்தாழ 150 மீற்றர் இருக்க வேண்டும். பந்தைச் சுற்றியுள்ள தாளில் நிறையும் நீளமும் எழுதியிருக்கும். தென்னோலை ஈர்க்கின் நுனிப் பருமன் போதும். மேசை விரிப்புப் பின்னுகின்ற விறைத்த நூல் சரிவராது.

நூல் தாளில் சொல்லியிருப்பதைவிடச் சற்றுப் பெரிய ஊசியைப் பாவிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மெல்லிய நூலும் பெரிய ஊசியும் சேர்ந்தால்தான் பின்னல் நெகிழ்ந்து, காற்றுப் புகுந்து, சால்வை தோளில் வழிந்து விழும். சிறிய ஊசியால் பின்னினால் அது மட்டையாக நிற்கும்.

இவற்றோடு கத்தரிக்கோல், அகலக் காதுள்ள மொட்டை ஊசி, ஒரு கொப்பி, பென்சில், மணிக்கூடு. கடைசி மூன்றும் எதற்கு என்று பின்னால் தெரியும்.

நான்கு பந்துகளையும் ஒரே தடவையில் வாங்க முடிந்தால் தாளிலுள்ள சாய இலக்கம் நான்கிலும் ஒன்றா என்று பாருங்கள். இலக்கம் மாறினால் ஒரே நிறம்கூட வெளுப்பும் கறுப்புமாகத் தெரியும். ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும் என்றால் அதற்கும் வழி உண்டு. பந்துக்கு ஒரு நிறமாக வாங்கிக் கரைகரையாகப் பின்னுங்கள். இதற்காக நுண்கடன் எதுவும் எடுக்க வேண்டாம். ஒரு ஊசியும் ஒரு பந்தும் வாங்குகிற காசோடு தொடங்கக்கூடிய வேலை இது.

மூன்று பின்னல்கள் போதும்

முதலில் சங்கிலி. நூல் நுனியில் ஒரு சுருக்குப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின் மேலால் சுற்றி, கொளுக்கியால் பிடித்து, அந்தக் கண்ணிக்குள்ளால் இழுங்கள். இது ஒரு சங்கிலி. கண்ணி ஊசியில் தாராளமாக ஓட வேண்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது தூண். எங்கள் குழுவில் நாங்கள் வைத்த பெயர் இது. நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றுங்கள். ஊசியைப் பின்ன வேண்டிய இடத்துக்குள் விட்டு, நூலைப் பிடித்து இழுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டு கண்ணிக்குள்ளால் இழுங்கள், இரண்டு மிஞ்சும். மறுபடியும் நூலைச் சுற்றி அந்த இரண்டுக்குள்ளாலும் இழுங்கள், ஒன்று மிஞ்சும். தூண் முடிந்தது.

பிரித்தானிய முறைப் புத்தகங்களில் இதை ‘ட்ரெபிள்’ என்பார்கள். அமெரிக்கப் புத்தகங்களில் இதே பின்னலுக்கு ‘டபிள்’ என்று பெயர். புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்துப் பின்னுகிறவர்கள் அது எந்த நாட்டு முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குட்டித்தூண். இது ஓரத்துக்கு மட்டும் தேவை. நூலைச் சுற்றாமல் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுங்கள். ஊசியிலுள்ள இரண்டு கண்ணிக்குள்ளாலும் நூலை ஒரே தடவையில் இழுத்தால் முடிந்தது.

சால்வை வளரும் விதம்

கீழ் முனையில் தொடங்கி மேலே கழுத்துப் பக்கம் போகிறோம். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு யன்னல் கூடும். இரண்டு தூணுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத்தான் யன்னல் என்கிறேன்.

முதலாம் வரிசை: 5 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து எண்ணும்போது ஐந்தாவதாக வருகின்ற, அதாவது நீங்கள் முதன்முதலில் போட்ட சங்கிலிக்குள் ஒரு தூண் பின்னுங்கள். 1 சங்கிலி போட்டு, அதே இடத்துக்குள் இன்னுமொரு தூண். விட்டு வந்த நான்கு சங்கிலியில் மூன்று ஒரு தூணாகவும், நான்காவது யன்னலின் மேற்கட்டையாகவும் கணக்கு. இப்போது மூன்று தூண், இரண்டு யன்னல்.

இரண்டாம் வரிசை: கொப்பித் தாளைப் புரட்டுவது போல வேலையைத் திருப்புங்கள். 4 சங்கிலி போடுங்கள். அந்தச் சங்கிலி புறப்பட்ட தூணின் தலையிலேயே ஒரு தூண் பின்னுங்கள். ஒரு ஓரத்தில் புதிய யன்னல் வந்துவிட்டது. 1 சங்கிலி, அடுத்த தூணின் தலையில் ஒரு தூண். 1 சங்கிலி, கடைசியில் நிற்கின்ற நான்கு சங்கிலியில் கீழிருந்து மூன்றாவதற்குள் ஒரு தூண். பிறகு 1 சங்கிலி போட்டு அதே இடத்துக்குள் இன்னுமொரு தூண். மற்ற ஓரத்திலும் புதிய யன்னல். இப்போது நான்கு யன்னல்.

மூன்றாம் வரிசை முதல்: இரண்டாம் வரிசையைப் போலவேதான். தொடக்கத்தில் 4 சங்கிலி, அதே இடத்தில் ஒரு தூண். நடுவில் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தூண், அவற்றுக்கிடையில் 1 சங்கிலி. கடைசி இடத்தில் தூண், சங்கிலி, தூண்.

சரி பார்ப்பது இலகு. வரிசையின் எண்ணை இரண்டால் பெருக்கினால் யன்னல்களின் தொகை வரும். பத்தாவது வரிசையில் இருபது யன்னல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் கடைசி இடத்தில் இரண்டாவது தூணை விட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போனாலும் காரணம் அதுதான். அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். குறோசேயில் எத்தனை தடவை அவிழ்த்தாலும் நூல் வீணாவதில்லை.

ஒரு யன்னல் ஒரு சென்ரிமீற்றர் அகலமும் உயரமுமாக வந்தால் 75 வரிசை முடியும்போது சால்வை 150 சென்ரிமீற்றர் அகலமும் 75 சென்ரிமீற்றர் ஆழமுமாக இருக்கும். வளர்ந்த ஒருவருக்கு இது போதும். கை இறுக்கமென்றால் சற்றுச் சிறிதாக வரும். இந்தப் பின்னலின் வசதி என்னவென்றால், நூல் குறைந்தால் எந்த வரிசையிலும் நிறுத்தலாம். நிறுத்திய இடத்தில் அது முழுச் சால்வைதான்.

ஓரமும் கழுவலும்

கடைசி வரிசை கழுத்துப் பக்கம் வரும். அது இழுபட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொரு யன்னலுக்குள்ளும் இரண்டு குட்டித்தூண் பின்னிக்கொண்டு போங்கள். பிறகு சரிந்த இரண்டு பக்கங்களிலும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் உள்ள ஓர இடைவெளிக்குள் ஒரு குட்டித்தூண், 3 சங்கிலி, அடுத்ததற்குள் ஒரு குட்டித்தூண் என்று சுற்றி வந்தால் சின்னச் சின்ன வளைவுகளாக ஓரம் அமையும். கீழ் முனையில் மட்டும் ஒரே இடத்தில் இரண்டு தடவை பின்னுங்கள். நூல் நுனிகளை மொட்டை ஊசியால் தூண்களுக்குள் நான்கு விரற்கடை தூரம் ஓட்டி மறைத்து வெட்டுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாயில் சுருட்டி அமத்தி நீரை எடுத்து, நிழலில் பாயில் விரித்து, மூன்று மூலையையும் மெதுவாக இழுத்துக் கல் வைத்துக் காய விடுங்கள். காய்ந்ததும் சுருங்கியிருந்த யன்னல்களெல்லாம் திறந்து நிற்கும். கடையில் தொங்குகின்ற சால்வைக்கும் வீட்டில் பின்னியதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் இந்தக் கடைசி வேலைதான்.

எண்ணுவதைப் பற்றி

பின்னல் வேலை மனதுக்கு நல்லது என்று பயிற்சிகளில் சொல்வது உண்டு. அதை அளவோடுதான் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். மெனிக் பாம் முகாமில் இருந்தபோது முறிந்த குடைக்கம்பியைக் கல்லில் உரஞ்சி ஊசி செய்து, உரப்பையிலிருந்து பிரித்த நூலில் பின்னியவர். ‘எண்ணிக்கொண்டிருக்கேக்க வேற ஒண்டும் நினைவில வராது பிள்ளை’ என்பார். அவருக்குப் பக்கத்திலிருந்த தங்கை ஒருத்தி, ‘எனக்கு எண்ணினாலும் வருகுது அம்மா’ என்றாள். இரண்டும் உண்மை. பின்னல் சிலருக்குக் கொஞ்ச நேர ஆறுதல் தரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கின்ற தாய்க்கு அது பதிலாகாது. நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிகின்ற நாட்கள் நீண்டுபோனால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உடம்பையும் பாருங்கள். தோளிலோ கையிலோ செல் துண்டோடு வாழ்கின்ற சகோதரிகள் ஊசியின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக்கொண்டால் விரல் விறைப்பது குறையும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை நீட்டி மடக்குங்கள். இரவில் பின்னுகிறவர்கள் வெளிர் நிற நூலை எடுங்கள். கறுப்பு நூலின் கண்ணி மங்கல் வெளிச்சத்தில் தெரியாது.

இனி கணக்கு

இப்போது கொப்பியையும் மணிக்கூட்டையும் எடுங்கள். 75 வரிசைச் சால்வையில் மொத்தம் எத்தனை யன்னல்? 2, 4, 6 என்று 150 வரைக்கும் கூட்டினால் 5,700 வரும். உங்களுக்கு 20 யன்னல் பின்ன எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். கை பழகியவருக்கு நான்கு நிமிடம் என்று வைப்போம். அப்படியென்றால் 5,700 யன்னலுக்கு 1,140 நிமிடம், அதாவது 19 மணித்தியாலம். ஓரத்துக்கும், நூல் மறைப்பதற்கும், கழுவுவதற்கும் இரண்டு மணித்தியாலம். எல்லாமாக 21 மணித்தியாலம்.

நூலையும் இப்படியே அளக்கலாம். பத்து யன்னலை அவிழ்த்து அளந்து பாருங்கள். 90 சென்ரிமீற்றர் வந்தால் முழுச் சால்வைக்கு 513 மீற்றர், ஓரத்தோடு ஏறத்தாழ 545 மீற்றர். நான்கு பந்து போதும் என்று சொன்னது இதனால்தான்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். முக்கோணம் மேலே போகப் போக அகலும். முதல் 50 வரிசையில் 2,550 யன்னல்தான் உண்டு. கடைசி 25 வரிசையில் 3,150. பாதிக்கு மேற்பட்ட வேலை கடைசி மூன்றிலொரு பங்கில் இருக்கிறது. ‘கொஞ்சம் பெரிசாப் பின்னித் தாங்கோ, இன்னும் ஒரு பத்து வரிசைதானே’ என்று வாங்க வருகிறவர் இலகுவாகச் சொல்வார். 65 வரிசைக்குப் பிறகு வருகின்ற பத்து வரிசையில் மட்டும் 1,410 யன்னல். அது நான்கே முக்கால் மணித்தியாலம் வேலை.

விலைக்கு வருவோம். 2025 இல் திருத்தப்பட்ட தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,200 ரூபாவுக்குக் குறையக்கூடாது. இது மற்றவரிடம் வேலை செய்கிறவர்களுக்கான சட்டம். வீட்டிலிருந்து சுயமாகப் பின்னுகிறவர்களை இது காக்காது. ஆனால் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 என்றால் ஒரு மணித்தியாலம் 150 ரூபா. 21 மணித்தியாலத்துக்கு 3,150 ரூபா. நூல் பந்து 400 ரூபா என்று வைத்தால் நான்கு பந்து 1,600 ரூபா. பஸ் காசுக்கும் பைக்கும் 150 ரூபா. கூட்டினால் 4,900 ரூபா. இதில் இலாபம் ஒரு சதமும் இல்லை. நூற்காசும் கூலியும் மட்டும்தான். நூல் விலை உங்கள் ஊரில் எவ்வளவோ அதைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

4,900 ரூபா கொடுத்து வாங்க எங்கள் ஊரில் ஆள் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் கூலியைப் பாதியாக்க வேண்டாம், சால்வையைச் சிறிதாக்குங்கள். 50 வரிசையோடு நிறுத்தினால் ஒரு மீற்றர் அகலத்தில் கழுத்தைச் சுற்றிக் கட்டுகின்ற அழகான சால்வை வரும். இரண்டு பந்து நூல் போதும். ஓரத்தோடு 10 மணித்தியாலம். நூல் 800, கூலி 1,500, மற்றச் செலவு 150. மொத்தம் 2,450 ரூபா. உழைப்பின் விலை குறையவில்லை, பொருள்தான் சிறியது.

சும்மா இருக்கிற நேரம்

விலை பேச வருகிறவர்கள் அதிகம் சொல்கின்ற வசனம் ஒன்று உண்டு. ‘சும்மா இருக்கிற நேரத்தில பின்னினதுதானே!’ நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மரியா மீஸ் என்ற ஜேர்மன் பெண் ஆய்வாளரின் நூலைப் படித்தேன். ஆந்திராவில் கோதாவரி ஆற்றுப்படுகையிலுள்ள நரசாபூரில் குறோசே சரிகை பின்னுகின்ற பெண்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1982 இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் மேலாக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பின்னினார்கள். அவர்களின் சரிகை கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. வியாபாரிகள் வளர்ந்தார்கள். பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது வயலில் கூலி வேலை செய்பவரின் சம்பளத்தைவிடக் குறைவு. காரணம், அவர்களை யாரும் தொழிலாளர் என்று சொல்லவில்லை. வீட்டிலிருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றார்கள். அந்தப் பெண்களுக்கும் அப்படியே சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

இதே ஊசி வேறொரு இடத்தில் உயிர் காத்ததும் உண்டு. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. அடுத்த சில ஆண்டுப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அப்போது கன்னியர் மடங்களும் ஊர்ப் பெண்கள் சிலரும் குறோசே சரிகையைக் கிராமப் பெண்களுக்குப் பழக்கி விற்பனைக்கும் வழி செய்தார்கள். குளோன்ஸ் என்ற சிற்றூரில் அந்த வேலை 1847 இல் தொடங்கியது. பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது அந்தச் சரிகைக் காசில்தான்.

இன்னொரு உண்மையும் தெரிந்திருங்கள். ஸ்வெற்றர் பின்ன மெசின் உண்டு, வலை பின்ன மெசின் உண்டு. குறோசே பின்னலைக் கை பின்னுவது போலவே பெருந்தொகையாகப் பின்னித் தருகின்ற மெசின் தொழிற்சாலைகளில் இல்லை. எனவே கடையில் உண்மையான குறோசே உடுப்பு ஒன்றை மலிவு விலையில் கண்டால், எங்கோ ஒரு பெண்ணின் கை அதற்குள் மலிவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் குழுவிலுள்ள ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர், முதற் சால்வையை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு 2,000 ரூபாவுக்குக் கொடுத்தார். கொடுத்தபோது சந்தோசம். பிறகு இருந்து கணக்குப் பார்த்தோம். நூல் 1,600 போக மிச்சம் 400 ரூபா. 21 மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 19 ரூபா. அவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது சால்வைக்கு அவர் கொப்பி வைத்தார். விடிய 4.30 க்கு எழும்பி அரை மணித்தியாலம், கிளினிக்கில் ஒன்றரை மணித்தியாலம், பிரதேச செயலக வாங்கில் இரண்டு மணித்தியாலம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். வாங்க வந்தவர் 2,500 ரூபாவுக்குக் கேட்டு, அந்தச் ‘சும்மா இருக்கிற நேரம்’ கதையையும் சொன்னபோது, இவர் கொப்பியைத் திறந்து காட்டினார். வந்தவர் வாங்காமல் போய்விட்டார். இதை எழுதும் வரைக்கும் அந்தச் சால்வை விற்கப்படவில்லை. மகள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

‘விக்கேல்ல எண்டு கவலையா?’ என்று கேட்டேன். ‘கவலைதான் மிஸ். காசு தேவைதானே. ஆனா முதல் ஒண்டை வித்த அண்டைக்கு இரவு வந்த கவலை வேற மாதிரி’ என்றார்.

எல்லாரும் இப்படி மறுத்துவிட முடியாது. இன்றைக்கு அரிசி வாங்க வேண்டுமென்றால் குறைத்துத்தான் கொடுக்க நேரும். அதில் வெட்கம் இல்லை. ஆனால் கொடுக்கும்போது எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். உங்கள் மாதர் சங்கத்தில் பின்னுகிறவர்கள் ஐந்து பேர் இருந்தால் ஒன்றாக இருந்து ஒரு அடிவிலையைப் பேசி முடிவெடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி 2,450 சொன்ன பொருளை நீங்கள் 1,800 க்குக் கொடுத்தால் அடுத்த மாதம் உங்களிடம் 1,200 க்குக் கேட்பார்கள்.

பயிற்சி தருகின்ற நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று நாள் பயிற்சியும் சான்றிதழும் மட்டும் போதாது. நூல் எங்கே மலிவு, யார் வாங்குவார்கள், எப்படி விலை சொல்வது என்பவையும் பயிற்சியின் பாகமாக இருக்கட்டும்.

சகோதரிகளே, இம்மாதம் ஒரு பந்து நூலோடு தொடங்குங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் மூன்று கோடு இழுத்துத் திகதி, எத்தனை யன்னல், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சால்வை உங்களுக்கே ஆனாலும், மகளுக்கே ஆனாலும் எழுதுங்கள். முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டி எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். வேறு வேறு ஊர்ச் சகோதரிகளின் கணக்குகளைப் பெயர் போடாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம். அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் விலை சொல்லப் பழகலாம்.

அடுத்த மாதம், சால்வையில் மிஞ்சிய நூலில் சின்னக் காசுப் பை ஒன்று பின்னுவது எப்படி என்று பார்ப்போம்.